பெரட்டில் முதல் பெயர்

லெட்சுமணன் கங்காணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். வரட்டுமே. கடல் கடந்து குளுவாங் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் பதினான்கு வருஷமாகப் பெரட்டில் முதலில் வாசித்தது அவர் பெயரைத்தான். விடியுமுன் ஆள் எண்ணும் அந்த வரிசையில் மூத்த கங்காணியின் ஆட்கள் முன்னால், இளையவரின் ஆட்கள் பின்னால். அந்த முதலிடத்துக்காகவே இருட்டிலும் தலைப்பாகையை நேராகக் கட்டுவார்.

1926இல் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மூன்று மைலுக்கு அப்பால் புது மலையில் பால் வெட்டத் தொடங்கினார். சுவரில் வரைபடம், புதுக் கோப்பைகள், புதுப் பாதை என்று எல்லாம் யோசித்தவர் பெரட்டை மட்டும் யோசிக்கவில்லை. வழக்கப்படி தூரத்து மலை கடைசிக் கங்காணி அய்யாவுவின் நாற்பது பேர் தலையில் விழுந்தது. வெயில் ஏறியபின் வெட்டிய பால், பால் சேர்க்கும் ஸ்டோருக்கு வருமுன்பே வாளியில் கட்டியானது. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் மலையை மூடி, நாற்பது பேரையும் ஊருக்குக் கப்பலேற்றுவதாகத் துரை சொல்லிவிட்டார். என் அம்மா சந்திரமதியும் அவர்களில் ஒருத்தி.

சோம்பேறிகளைத் திட்டுவதற்கென்றே லெட்சுமணன் சைக்கிளில் புது மலைக்குப் போனார். அம்மா வெட்டுக்கத்தியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

“உங்க மலை கூப்பிடு தூரம், உங்க பேரு மொதல்ல. நாங்க மூணு மைலு நடக்கணும், எங்க பேரு கடைசி. முந்நூறு பேர வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிருது. பாலு எப்படிங்க நிக்கும்?”

லெட்சுமணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மூன்று மைலும் நடந்து திரும்பினார். பெரட்டில் பெயர் வாசிக்கும் கணக்கர், கிராணி சோமசேகரத்துக்கும் விஷயம் தெரியாமலில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று இருந்துவிட்டார்.

மறுநாள் கிராணி வழக்கம்போல் முதல் பெயரை வாசித்தார். முன்வரிசையில் ஆளில்லை. லெட்சுமணனும் அவர் ஆட்களும் கடைசியில் நின்றார்கள்.

“தூரத்து ஆளுங்கள மொதல்ல அனுப்புங்க ஐயா. எங்கள கடைசியில வாசிச்சாப் போதும்.”

முகம் செத்துப்போயிருந்ததாம் அவருக்கு. தலைப்பாகை மட்டும் நேராக இருந்ததாம்.

அன்று பால் பாலாகவே ஸ்டோருக்கு வந்தது. மாதக் கடைசியில் துரையே பெரட்டைத் தூரத்தின்படி மாற்றி எழுதச் சொன்னார். நாற்பது பேரில் ஒருவரும் கப்பலேறவில்லை.

அடுத்த வருஷம் நான் இங்கே பிறந்தேன். என் காதில் முதலில் பெயர் சொன்னவர் லெட்சுமணன். மற்ற எல்லோரையும் அம்மா அவருக்குப் பின்னால் நிற்கவைத்தாள்.