காலர் அக்காவின் பக்கத்து நாற்காலி

தையல் தொழிற்சாலையின் மூன்றாவது வரிசையில் பதினேழு வருடமாகச் சட்டைக் காலர் மட்டுமே தைத்துவந்ததால் அவளுக்குக் காலர் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் சூப்பர்வைசர் அவளுக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டி, "உக்காந்து பாத்துக்கோ" என்பார். மொத்தப் பயிற்சியும் அவ்வளவுதான். அக்காவும் வாயைத் திறந்து எதையும் சொல்லித்தர மாட்டாள். பேசினால் கை நின்றுவிடும் என்பாள்.

பார்க்கிறவர்கள் நல்லது கெட்டது என்று சலித்துப் புடைத்தா எடுத்துக்கொள்வார்கள்? எப்போதோ ஊசி ஏறியதில் அக்காவின் வலது சுண்டுவிரல் மடங்காது, விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும். அவளிடம் பழகிய பதினோரு பேரும் நல்ல விரலை வைத்துக்கொண்டு அதே மாதிரி நீட்டியபடிதான் தைத்தார்கள். அதில் ஒருத்தி வேறு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனபோது, அவள் கையைப் பார்த்ததுமே, "காலர் அக்காகிட்ட இருந்தவளா நீ?" என்று கேட்டார்களாம். அக்காவுக்கு அதில் ஏகப் பெருமை.

இன்னொன்றும் இருந்தது. சூப்பர்வைசர் கத்தினால் அக்கா தலையைக் குனிந்து, மெஷினைத் துணியால் துடைத்துக்கொண்டே, "சரிங்க சார், இனிமே நடக்காது" என்பாள். தப்பு யாருடையது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவரும் அடுத்த மெஷினுக்குப் போய்விடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இடப்பக்கம் இருந்தவளைப் பார்த்து அக்கா பிடித்துக்கொண்ட வித்தை அது. பதினேழு வருடம் சோறு போட்டிருக்கிறது, சும்மா சொல்லக்கூடாது.

இந்த வருடம் அந்த நாற்காலிக்கு அவளுடைய மகளே வந்து சேர்ந்தாள். வீட்டில் அவளுக்கு வாய் கொஞ்சமா நஞ்சமா! அப்பா ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்வாள். "இந்த வாயை வெச்சுக்கிட்டு ஒரு வாரம் தாங்குவியாடி?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு வாரமும் போனது, மூன்று வாரமும் போனது. மகள் பேரில் ஒரு புகார் இல்லை. அக்கா நிம்மதியாகத்தான் இருந்தாள்.

நான்காவது வாரம் சூப்பர்வைசர் ஒரு கட்டுக் காலரைக் கொண்டுவந்து மகளின் மெஷின்மேல் வீசினார்.

"ஒரு முனை நீளம், ஒரு முனை குட்டை. கண்ணு எங்க இருந்துச்சு? நாளையிலருந்து நீ வர வேண்டாம்."

அந்தக் கட்டு, துணி வெட்டும் இடத்திலிருந்தே கோணலாக வந்தது. காலையில் மகள்தான் டேப் வைத்து அளந்து, "அம்மா, வெட்டுனதே தப்பும்மா" என்று காட்டியிருந்தாள். "குடுத்ததைத் தை" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

இப்போதாவது வாயைத் திறப்பாள் என்று அக்கா பார்த்தாள். மகள் தலையைக் குனிந்தாள். துணியை எடுத்து மெஷினைத் துடைத்தாள். "சரிங்க சார், இனிமே நடக்காது" என்றாள். குரல்கூட அப்படியே அக்காவின் குரல். வேலையே போகிறது, அதற்குமா சரிங்க சார்? இத்தனை வருடம் தான் எப்படி நின்றோம் என்பதை அக்கா அன்றுதான் கண்ணால் பார்த்தாள். வெட்கமாக இருந்தது.

எழுந்தாள்.

"சார், வெட்டுனதுலதான் தப்பு. தையல்ல இல்ல. அளந்து பாருங்க."

டேப்பை எடுத்து அவரிடம் நீட்டினாள். வரிசை முழுவதும் மெஷின்கள் நின்றுவிட்டன. அவர் இரண்டு தடவை அளந்தார். கட்டை அள்ளிக்கொண்டு வெட்டுகிறவர்களிடம் போனார். மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கிடையாது. "நாளைக்கு வரட்டும்" என்று போகிற போக்கில் சொன்னதோடு சரி.

பஸ்ஸில் மகள் சிடுசிடுத்தாள்.

"எதுக்கும்மா எந்திரிச்சுப் பேசின? எனக்குக் கை காலெல்லாம் ஒதறிடுச்சு."

"காலையில நீதானே அளந்து காட்டுன? நீயே சொல்ல வேண்டியதுதானே?"

"அங்க அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா."

"யாருடி சொன்னது?"

மகள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே சூப்பர்வைசர் அக்கா முன்னால் வந்து நின்று கத்தினார். "நூல்கண்டைத் தரையில போட்டது யாரு? நீதானே?" பழக்கதோஷம், தலை தானாகக் குனிந்தது, கை துணியைத் தேடியது. பக்கத்து மெஷின் நின்றது. மகள் தைப்பதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா துணியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "நான் இல்லைங்க சார்" என்றாள். மேஜைக்கு அடியில் கால் வெடவெடவென்று ஆடியது. நல்லவேளை, அது மகள் கண்ணில் படவில்லை.