கவிழ்த்து வைத்த பேணி

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பி உள்ளே போய்விடுகிற ஆள் நான். பயத்தில் அல்ல, அலுப்பில். யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து, கோயிலும் தையல் மெசினுமாக ஐம்பது வயதைத் தாண்டியவள், நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவே கூசுவேன், அதனால்தான் இதை இவ்வளவு நாளும் ஒருவருக்கும் சொல்லவில்லை. துக்கத்தில் இவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் அண்ணை ஒரு மாரிக்காலத்தில் கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. கூடப் போனது அவருடைய மனைவியின் கடைசித் தம்பி யூட். காற்று மாறிய அன்று மற்ற வள்ளங்கள் எல்லாம் எப்படியோ கரை சேர்ந்தன, இவர்களுடையது மட்டும் சேரவில்லை. மயிலிட்டிப் பக்கம், தீவுப் பக்கம், இந்தியக் கரை வரைக்கும் ஆள் விட்டு விசாரித்தோம். ஒரு மிதவை கூடக் கிடைக்கவில்லை.

உடம்பைக் காணாமல் கறுப்பு உடுக்க மாட்டேன் என்று அண்ணையின் மனைவி, என் மச்சாள் பிலோமினா சொல்லிவிட்டார். விடிய எழும்பி வள்ளங்கள் கட்டுகிற ஜெற்றிக்குப் போவார், வருகிற ஒவ்வொரு வள்ளத்தையும் கேட்பார். பின்னேரம் அண்ணை கடலுக்குக் கொண்டுபோகிற தண்ணீர்க் கானைப் போலவே இன்னொரு கானைக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி வாசலில் வைப்பார். சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை. இரண்டு தரம் ஜெற்றியிலேயே மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்னும் ஒரு மாரி இப்படிப் போனால் இவரும் எங்களுக்கு இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஃபாதர் வந்து பலமுறை இருந்து கதைத்த பிறகுதான், அண்ணைக்கும் யூட்டுக்கும் சேர்த்து ஆத்துமப் பூசை வைக்க மச்சாள் தலையாட்டினார். வருகிற சனிக்கிழமை என்று முடிவாகியது. அதற்கு முந்திய ஞாயிறு மத்தியானம்தான் இது நடந்தது. நல்ல வெயில், பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிற மணம். பேய் வருகிற நேரமா அது, நீங்களே சொல்லுங்கள்.

அம்மாவின் மனம் கொஞ்சம் மாறட்டும் என்று மச்சாளின் மகள் டிலானி யாரிடமோ ஒரு படம் வாங்கி வந்து ரீவியில் போட்டாள். தமிழில் குரல் கொடுத்த வெள்ளைக்காரப் படம். திமிங்கிலம் வருகிற படம் என்று மட்டும்தான் பாவம் அவளுக்குத் தெரியும். பார்த்தால், பழைய காலத்தில் திமிங்கிலம் பிடிக்கப் போன கப்பல் ஒன்றை அந்தத் திமிங்கிலமே இடித்து உடைத்துவிடுகிறது, தப்பிய ஆட்கள் சின்ன வள்ளங்களில் மாதக்கணக்காக மிதக்கிறார்கள். டிலானி பதறிப்போய் நிற்பாட்டப் போனாள்.

"விடடி, பாப்பம்" என்றார் மச்சாள். பிறகு, "உவங்கள் என்னடி இப்பிடித் தண்டு வலிக்கிறாங்கள்? உப்பிடி வலிச்சால் எங்கடை ஜெற்றியையே தாண்டமாட்டாங்கள்" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் பகிடி விட்டு எவ்வளவு காலம்!

ஆனால் படம் போகப்போக அவருடைய முகம் மாறியது. கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

"ரெஜினா, பாத்தனியே? மாசக்கணக்கா மிதக்கிறாங்கள். சாகேல்லை."

"மச்சாள், அது படம்."

"நடந்த கதையெண்டு முதல்லை போட்டவங்களெல்லே? எனக்கு வாசிக்கத் தெரியாதே? ஃபாதரிட்டைப் போய்ச் சொல்லு, பூசை வேண்டாம். உயிரோடை இருக்கிற மனுசனுக்கு ஆரும் ஆத்துமப் பூசை வைப்பினமே?"

இனித் திரும்பவும் ஜெற்றி, திரும்பவும் மயக்கம். கர்த்தரே, என்ன செய்ய என்று ரீவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அண்ணையின் வள்ளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் குறைந்துபோனால் ஒரே பேணியில், அதுதான் குடிக்கிற குவளையில், கொஞ்சம் கொஞ்சமாக வார்த்து ஆளுக்கு ஆள் மாற்றுவார்கள். தன் பங்கு வேண்டாம், மற்றவன் குடிக்கட்டும் என்று நினைக்கிறவன் பேணியைப் பலகையில் கவிழ்த்து வைப்பான். கவிழ்த்த ஆளுக்குப் பிறகு வார்க்கக் கூடாது. அண்ணை இதை வீட்டிலும் செய்வார். தேத்தண்ணி போதும் என்றால் ‘காணும்’ என்று வாயால் சொல்லமாட்டார், தன் நீல எனாமல் பேணியை மேசையில் கவிழ்த்து, அடியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். மேசையில் வட்டமாக ஈரம் பதியும். "இது வள்ளமில்லை, வீடு!" என்று மச்சாள் ஒவ்வொரு நாளும் ஏசுவார்.

படத்தில் அப்போது வள்ளத்தில் இருந்தவர்கள் கடைசித் தண்ணீரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். உதடு வெடித்து, தாடி வளர்ந்து, எல்லோரும் ஒரே மாதிரி. பின்னணியத்தில், வள்ளத்தின் பின்முனையில், ஒருவர் எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்தார், தலையில் துணி கட்டியிருந்தது. தண்ணீர் அவரிடம் வந்தது. அதைப் பக்கத்தில் இருந்தவனின் வாயில் ஊற்றினார். வெறும் பேணியைப் பலகையில் கவிழ்த்தார். விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்தச் சத்தம் ரீவியில் இருந்து வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் மேசையில் இருந்து வந்தது.

நான் மேசைப் பக்கம் திரும்பவில்லை, மச்சாளைத்தான் பார்த்தேன். மச்சாள் அழவும் இல்லை. மெல்லிய குரலில், பக்கத்து வீட்டுச் செய்தி சொல்வதுபோல, "அவருக்குக் காணுமாம்" என்றார்.

"என்னம்மா?" என்று டிலானி கையில் இருந்த போனில் இருந்து தலையை நிமிர்த்தினாள்.

"கொப்பாவுக்கு இனித் தண்ணி காணுமாம். தன்ரை பங்கை என்ரை தம்பிக்குக் குடுத்திட்டார். அந்த மனுசன் அப்பிடித்தான்."

எழும்பிப் போய் வாசலில் இருந்த கானைத் தூக்கி, முழுத் தண்ணீரையும் முற்றத்துச் செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றினார். ஊற்றி முடியும் வரைக்கும் நின்றார். பிறகு நிலத்தில் குந்திக் குழறினார் பாருங்கள், அண்ணை போன நாளில் இருந்து அடக்கி வைத்த அழுகை முழுவதும், அயலெல்லாம் ஓடி வந்தது.

வந்த சனத்துக்குக் கதிரை எடுக்கத் திரும்பியபோதுதான் மேசையைப் பார்த்தேன். சுவரில் ஆணியில் தொங்கிய நீலப் பேணி மேசையில் கவிழ்ந்திருந்தது. மச்சாள் நேரே வாசலுக்குத்தான் போனார், நாங்கள் ஒருவரும் மேசைப் பக்கம் போகவே இல்லை. விழுந்திருந்தால் எனாமல் சத்தம் போட்டிருக்கும், உருண்டிருக்கும். இது நேராக, வைத்தது போல இருந்தது. தூக்கினேன். கீழே வட்டமாக ஈரம்.

சனிக்கிழமை பூசை நடந்தது. மச்சாள் கறுப்பு உடுத்து முன்வாங்கிலில் இருந்தார். இப்போது ஜெற்றிக்குப் போவதில்லை. சோறு சாப்பிடுகிறார், நித்திரை கொள்கிறார்.

டிலானி பிறகு அந்தப் படத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்தாள், என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். தண்ணீர் பங்குபோடுகிற இடம் இருக்கிறது. பின்னணியத்தில் ஒருவரும் இல்லை, வெறும் பலகை. "மாமி, நீங்கள் ரெண்டு பேரும் கண்ணயர்ந்திருப்பியள்" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். அவளோடு என்னத்தை வாதாடுவது.

மேசையில் அந்த ஈரம் காய்ந்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் நின்றுவிட்டது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், தேசிக்காய் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. ஒருநாள் வீட்டில் ஆள் இல்லாத நேரம் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

வெயில் காலத்தில் அது வெறும் கறை. மாரி தொடங்கிக் காற்று மாறினால் தானாக ஈரமாகிறது, சின்னச் சின்னத் துளியாகக் கசிகிறது. அப்போது மச்சாள் சேலைத் தலைப்பை எடுத்து மெதுவாக ஒற்றுவார். மேசையைத் துடைக்கிறவர் அப்படித் துடைக்கமாட்டார். அது ஒரு முகத்தைத் துடைக்கிற விதம்.