அவர் எதற்குச் சரி என்றார்?

முதலாளி, என் வீட்டுக்காரரைக் கடலில் சாகவிட்டது நீங்கள்தான். உங்கள் வாசலில் நின்று இதைச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. விக்கிரமசிங்கபுரத்தில் எல்லோருக்கும் இது குளிக்கிற மாதம். எனக்கு இது அவர் வீட்டுக்கு வருகிற மாதம். எங்கள் மலைக்கு மழை கொண்டுவரும் காற்று, தூத்துக்குடியில் தோணிகளைக் கரையில் கட்டவைத்துவிடும். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் மரத்தோணி அந்தக் காற்றைத் தாங்காது. அவர் தோணியின் தண்டல், கப்பலுக்குக் கேப்டன் மாதிரி. காற்று வலுத்தால் தோளில் ஒரு பையோடு பாபநாசம் பஸ்ஸில் வந்து இறங்குவார். இப்போதும் அந்த பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் வேலை நின்றுபோகிறது.

கடற்கரையில் பிறந்தவருக்கு ஆற்றில் இறங்கப் பயம். படித்துறையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வார்.

“கடல்ல போறவுகளுக்கு இந்தத் தண்ணில என்ன நடுக்கம்?” என்பேன்.

“ஏட்டி, கடல்ல நான் தண்ணிக்கு மேலல்லா போறேன். நீ உள்ளல்லா இறங்கச் சொல்லுத.”

வைக்கோல் லாரி போனால் நின்று பார்ப்பார். “மேல் பாரம். வளைவுல என்ன செய்யப்போறானோ,” என்பார். நான் வேலைக்குக் கொண்டுபோகும் தூக்குச்சட்டி அடுக்கைக்கூட விடமாட்டார். “சோத்தை எதுக்கு மேல வச்சிருக்க? கனத்தை அடியில வை.” எரிச்சலாக வரும். இன்றைக்கும் சோறு அடித்தட்டில்தான் இருக்கிறது.

ஒருமுறை நடுக்கடலில் தோணி சாய்ந்தபோது, மேல்தளத்தில் இருந்த வெங்காய மூட்டைகளைக் கடலில் தள்ளச் சொன்னார். தோணி நிமிர்ந்தது. போனவர்கள் எல்லோரும் வீடு திரும்பினார்கள். ஆபத்தில் எதைத் தள்ளுவது என்று தண்டல்தான் முடிவு செய்வார், யாரையும் கேட்க மாட்டார். அதுதான் அங்கே வழக்கம். நீங்கள் துறைமுகத்தில் அத்தனை பேர் முன்னால் கேட்டீர்கள்: “கடலுக்குச் சாம்பார் வைக்கவா வே வெங்காயம் கொண்டு போனீரு?”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒரு சாட்டிலைட் போனைக் கையில் கொடுத்து, “இனிமே என்னைக் கேக்காம ஒரு மூட்டை வெளிய போகக் கூடாது, கேட்டீரா,” என்றீர்கள்.

வீட்டில் இதைச் சொல்லும்போது அவரும் சிரித்தார். ஆனால் அன்றைக்குக் குழம்பில் கிடந்த வெங்காயத்தை எல்லாம் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்திருந்தார்.

போன வருஷம் காற்று தொடங்கும் நேரத்தில், இந்த ஒரு நடை மட்டும் என்று அனுப்பினீர்கள். அடியில் சிமெண்ட். மேல்தளத்தில் ஜல்லி மூட்டை. புறப்படும்முன் எனக்குப் போன் செய்தார்.

“மேல் பாரம் சாஸ்தி, ஏட்டி.”

“அப்பம் போகாதீங்க.”

“பாப்போம்.”

எதைக் கேட்டாலும் அவருக்குப் ‘பாப்போம்’தான். அவர் வாயிலிருந்து ஒரு ‘சரி’ வாங்க நான் தலைகீழாக நிற்க வேண்டும்.

அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. வேறொரு தோணிக்காரர்கள் தூக்கிக் காப்பாற்றிய இன்ஜின் டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்து, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

“தோணி சாய ஆரம்பிச்சிட்டு மதினி. மூட்டையைத் தள்ளவான்னு கேட்டோம். அண்ணன் முதலாளிக்குப் போன் போட்டாவ. நாங்க மூட்டையைப் பிடிச்சிக்கிட்டே நிக்கோம். பேசி முடிச்சி, ‘சரி அண்ணாச்சி’ன்னு சொன்னாவ. ‘இருங்கலே, கொஞ்சம் பொறுப்போம்’னாவ. பொறவு பொறுக்க நேரமில்ல.”

உங்களிடம் வந்து கேட்டேன். “சிக்னலே இல்லம்மா, ஒண்ணுமே கேக்கல,” என்றீர்கள். ஒன்றுமே கேட்காத போனில் யாரும் ‘சரி அண்ணாச்சி’ என்று சொல்லமாட்டார்கள், முதலாளி.

கடலில் காற்று அடிக்கும், தோணி மூழ்கும். தெரிந்துதான் அவரைக் கட்டிக்கொண்டேன். கடல்மேல் எனக்குக் கோபம் இல்லை. மூட்டையைத் தள்ளு என்றுதான் நீங்கள் சொன்னீர்கள் என்றால் அதையாவது சொல்லுங்கள். பிறகு நான் அவரோடு சண்டை போட்டுக்கொள்கிறேன். அவரோடு ஒரு சண்டை போட்டு எவ்வளவு நாளாகிவிட்டது.

காற்று அடங்கித் தோணிகள் மறுபடி சரக்கு ஏற்றும்போது நான் துறைமுகத்துக்கு வருவேன். தண்டல்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். வெங்காயத்தைச் சொல்லி அவரைப் பார்த்து எல்லோரையும் சிரிக்கவைத்த அதே இடத்தில், அவர்கள் முன்னால் நின்று சொல்லுங்கள். போனில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? அவர் எதற்குச் சரி என்றார்?