நடுவுல யாரு, மிஸ்?

சினிமாவுல குரூப் டான்ஸருக்கு முதல் தகுதி நல்லா ஆடுறது இல்லீங்க. ஹீரோவை மறைக்காம ஆடுறது. தாம்பரத்துல முதல் ட்ரெயினைப் புடிச்சு கோடம்பாக்கம் போயி, வருஷக்கணக்கா அதைத்தான் செஞ்சேன். செட்ல எனக்குப் பேரே கிடையாது. அன்னிக்கு என்ன கலர் பாவாடையோ அதுதான் பேர். "ஏய் பச்சை, தள்ளி நில்லு!" முட்டி தேஞ்சு வயசும் ஏறினப்புறம் பச்சையை யாரும் கூப்பிடலை. சேலையூர்ல வாடகை வீட்டு மொட்டை மாடியில டான்ஸ் கிளாஸ் ஆரம்பிச்சேன். எங்கேயாவது கடைசி வரிசையில நின்னு பழகினவங்க இதைப் படிச்சா, என் மானம் போன கதை நல்லாவே புரியும்.

போர்டு

"சினிமா டான்ஸ் மாஸ்டர்"னு பிளக்ஸ் அடிக்கக் குடுத்தேன். மாஸ்டர்னா பாட்டுக்கு நடனம் அமைக்கிறவர். நான் ஒரு கை அசைவைக்கூட அமைச்சதில்லை. ஆனா "குரூப் டான்ஸர்"னு உண்மையைப் போட்டா எந்த அம்மா புள்ளைய அனுப்புவாங்க? வெக்கமாத்தான் இருந்துது. இருந்தும் அடிக்கச் சொன்னேன்.

பிளக்ஸ் கடை அண்ணன் ஹீரோவோட எடுத்த போட்டோ கேட்டார். என்கிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு. கம்ப்யூட்டர்ல பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தும் என் நெத்தியும் ஒரு ஜிமிக்கியும்தான் தெரிஞ்சுது. பாவம், நல்ல மனுஷன், உதவுற எண்ணத்துலதான் கேட்டார்: "யக்கா, ஹீரோ கைய அழிச்சிரட்டுமா? அதுக்குப் பின்னாடிதான் நீ கீற."

தேடினாங்க

ஒருநாள் புள்ளைங்க எல்லாம் "மிஸ், நீங்க ஆடின பாட்டு காட்டுங்க"ன்னு பிடிவாதம். கூட்டிட்டுப் போக வந்த ஒரு அம்மா தன் போனைக் குடுத்தாங்க. நானும் பெருமையா பாட்டைப் போட்டேன். அறிவு வேணாம் எனக்கு? பாதியில எங்க வரிசை வரும்போதுதான் ஞாபகம் வந்துது, கேமரா முகத்துக்கு வரவே வராது, இடுப்போட நின்னுடும்னு. புள்ளைங்க கையிலேர்ந்து போனைப் புடுங்கி அணைக்கிறதுக்குள்ள எல்லாம் ஓடி முடிஞ்சிருச்சு.

புள்ளைங்களுக்கு ஒண்ணும் புரியலை, "எங்க மிஸ், எங்க மிஸ்"னு தேடிட்டே இருந்துதுங்க. அந்த அம்மாவுக்குப் புரிஞ்சிருச்சு. போனை வாங்கி பையில போட்டுக்கிட்டு, ஆறுதலா என் கையைப் புடிச்சுச் சொன்னாங்க: "பரவால்ல மிஸ், முகம் தெரியாதது ஒரு வகையில நல்லதுதான்."

ஒத்திகை

பக்கத்து ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஒரு டான்ஸ் கேட்டாங்க. நல்லா வந்தா அங்கேயே டீச்சர் வேலை. சொதப்பினா போர்டுல இருக்கிற "மாஸ்டர்" பொய்னு சேலையூருக்கே தெரிஞ்சிடும். எனக்குத் தூக்கமே போச்சு. தெரிஞ்ச பாட்டையே வெச்சுக்கலாம்னு நான் ஆடின பாட்டையே, அந்த இடுப்பு சமாச்சாரத்தை எடுத்துட்டு, அந்த ஸ்கூல் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். பல்லாவரம் சந்தையில ஜிகினாத் துணி வாங்கி பொண்ணுங்களுக்கு நானே பாவாடையும் தெச்சேன்.

ஒத்திகை பார்க்க, ஸ்கூலை நடத்துற கரெஸ்பாண்டன்ட் சார் வந்தார். புள்ளைங்க அச்சு அசலா ஆடிச்சு. வரிசை கலையலை. எல்லாரும் சுத்தி நின்னு, கையை நீட்டி, நடுவுல இருக்கிற காலி இடத்தைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. "நடுவுல யாரு, மிஸ்?"ன்னார் சார். அப்பத்தான் உறைச்சுது. எனக்குத் தெரிஞ்சது குரூப் ஸ்டெப் மட்டும்தான். ஹீரோவுக்கு இடம் விட்டே சொல்லிக் குடுத்திருக்கேன்! ஹீரோ என்ன ஆடினார்னும் தெரியாது, அவர் முதுகைத்தானே பார்த்தேன். "சஸ்பென்ஸ், சார்"னு உளறினேன். அவர் என்னை முழுசா நம்பி, மூஞ்சியெல்லாம் சிரிப்பா சொன்னார்: "அதானே, மாஸ்டர் யோசிக்காமயா விட்டிருப்பீங்க!"

விழா

மறுநாள் "நடுவுல யார் வர்றீங்க?"ன்னு கேட்டேன். அத்தனை புள்ளையும் கையைத் தூக்கிச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஒரு தடவைகூட நான் தூக்கினதில்லை. சரி, ஆளாளுக்கு வாங்க, தோணுறதை ஆடுங்கன்னு விட்டுட்டேன். விழாவுல ஒவ்வொரு புள்ளை நடுவுல வரும்போதும் அது வீட்டு ஆளுங்க விசில். சார் மைக்குல, "டான்ஸ் மாஸ்டர் மேடைக்கு வரவும்!"னார். போனேன், சால்வை போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க, வேலையும் குடுத்தாங்க.

அந்தப் போட்டோவைப் போட்டுப் புது பிளக்ஸ் அடிக்கலாம்னு ஜம்பமா அதே கடைக்குப் போனேன். அண்ணன் பெருசாக்கினார். புள்ளைங்க எல்லாம் பளிச்சுனு இருக்கு. கடைசியில, ஒரு உயரமான பையன் தோளுக்குப் பின்னாடி, ஒரு நெத்தி, ஒரு ஜிமிக்கி. யாரும் தள்ளி நிக்கச் சொல்லலீங்க, என் கால் தானா போயிருக்கு. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்: "இன்னாக்கா, இங்க ஹீரோவே இல்லியே, அப்புறம் எதுக்கு பின்னாடி போய் நின்ன?"

இப்ப என் போர்டுல போட்டோ கிடையாது, "மாஸ்டர்"ங்கிற எழுத்து மட்டும் பெருசா இருக்கு. அதுக்குப் பின்னாடி நிக்கிறது எனக்குக் கைவந்த கலை.