ஆறாம் படியில் நின்ற பெட்டி

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஆறு மேடம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொல்வது அவள் காதில் விழாமலும் இல்லை. புதிதாகக் கண்டுபிடித்த கருவி ஒன்று கடைக்குப் போகலாமா, இன்னும் பொறுக்க வேண்டுமா என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. அதற்கு ஒன்பது படிகள். வெறும் யோசனையாகக் காகிதத்தில் இருந்தால் முதல் படி. செய்தவர் பக்கத்தில் நிற்காமலேயே, முன்பின் தெரியாதவர்கள் கையில் நாள்தோறும் ஒழுங்காக ஓடினால் ஒன்பதாம் படி. எட்டாவது கிடைத்தால்தான் கடைக்கு அனுப்பலாம். பதினான்கு வருடத்தில் அவள் ஆறைத் தாண்டிப் போட்டவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வீட்டிலும் அப்படித்தான். பூட்டை நாலு முறை இழுத்துப் பார்ப்பாள். பாதித் தெரு போன பிறகு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாயிற்றே, எனக்கு எத்தனையாம் படி என்று கணவர் ஒருநாள் கேட்டார்.

“உங்களுக்கு இன்னும் களச் சோதனையே முடியல” என்றாள்.

அவர் சிரித்தார். அவளோ பாதி நிஜமாகத்தான் சொன்னாள்.

அந்த வருடம் அவள் மேசைக்கு வந்தது, தடுப்பூசி மருந்தைக் குளிரில் வைக்கும் பெட்டி. மருந்து இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கவும் கூடாது, எட்டுக்கு மேலே ஏறவும் கூடாது. மின்சாரமே இல்லாமல் ஐந்து நாள் அந்தக் குளிரைப் பிடித்து வைக்கும் என்றார் அதைச் செய்தவர். கல்லூரி வாத்தியார் வேலையை விட்டுவிட்டு எட்டு வருடம் அதோடு மல்லுக்கு நின்றவர். எல்லோருக்கும் அவர் பெட்டிக்காரர்தான். வெளியீட்டுத் தேதியைக் குறித்து, அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்துவிட்ட பிறகே மேலாளர் பெட்டியை அவளிடம் அனுப்பினார். எட்டாம் படி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி என்பது அவர் எண்ணம்.

ஆய்வுக்கூடத்தில் பெட்டி எந்தக் குறையும் காட்டவில்லை. வெயிலில் வைத்தார்கள், உருட்டினார்கள், கீழே போட்டார்கள். ஐந்து நாள் என்றது ஐந்தரை நாள் தாங்கியது. எண்கள் எல்லாம் சமர்த்தாக இருந்ததே அவளை உறுத்தியது. ஊசி போடும் இடத்தில் வைத்துப் பார்க்கிறேன் என்று ஒரு வாரம் கேட்டாள். மேலாளர் அரைமனதாகத் தலையாட்டினார்.

நகரத்தின் ஓரத்தில் மூன்று அறை கொண்ட சின்ன மருத்துவமனை. ஊசி போடும் அறையில் ஒரே ஒரு நர்ஸ். மூலையில் லாரி போல உறுமிக்கொண்டிருக்கும் பழைய குளிர்பெட்டி. நிஜ மருந்து அதற்குள்ளேயே இருந்தது. புதுப் பெட்டியில் தண்ணீர்க் குப்பிகளையும் வெப்பமானியையும் வைத்தாள். ஒவ்வொரு ஊசிக்கும் அதிலிருந்தும் ஒரு குப்பியை எடுத்துத் திரும்ப உள்ளே வைக்கும்படி நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறை திறந்து மூடினார்கள். இங்கே முதல் நாள் மதியத்துக்குள் நாற்பத்தொன்று. மூடியின் இரண்டு பக்கமும் கொக்கி. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் இறுகும். நர்ஸுக்கு அதற்குக் கை ஏது? ஒன்றில் ஊசி, இன்னொன்றில் வீறிடும் குழந்தையின் தொடை. முழங்கையால் மூடியைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடுவாள். பார்வைக்கு மூடியதுபோலத்தான் இருக்கும். நூலளவு இடைவெளி நின்றுவிடும். மூன்றாம் நாள் காலையில் உள்ளே ஒன்பது டிகிரி, மாலையில் பதினொன்று.

அவள் பெட்டியைக் கட்டும்போது நர்ஸ் வந்து நின்றாள்.

“எடுத்துட்டுப் போயிடாதீங்க மேடம். பழசு வாரத்துல ரெண்டு தடவ நின்னுடுது. இது ரெண்டு நாளாவது தாங்குதுல்ல, அது போதும் எனக்கு.”

அவள் கட்டி முடித்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். நர்ஸுக்குச் சொல்ல வேண்டிய பதில் பேருந்தில் போகும்போதுதான் தோன்றியது. பழைய பெட்டி நின்றால் உறுமல் நின்றுவிடும், நர்ஸுக்குத் தெரிந்துவிடும். இந்தப் பெட்டி உள்ளே சூடானால் யாருக்கும் தெரியாது. கெட்டுப்போன மருந்தை நம்பிக்கையோடு குழந்தைக்கு ஏற்றிவிடுவார்கள்.

ஆறு என்று எழுதிக் கொடுத்தாள். நர்ஸ்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் தீர்ந்தது, இதற்குப் போய் ஆறா என்று மேலாளர் எரிந்து விழுந்தார்.

“பயிற்சி குடுக்கலாம் சார். மூணாவது கை குடுக்க முடியாதே” என்றாள்.

அங்கே உட்கார்ந்திருந்த பெட்டிக்காரர் அவள் பக்கம் திரும்பாமலே எழுந்து போனார். வெளியீடு தள்ளிப்போனது.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை நர்ஸ் தொலைபேசியில் அழைத்தாள். ஞாயிறு முழுக்க மின்சாரம் இல்லை. பழைய பெட்டியில் இருந்த மருந்து மொத்தமும் வீண். மறுபடி மருந்து வர இரண்டு வாரமாகும், அதுவரை வருகிற குழந்தைகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

“குத்தம் சொல்லல மேடம். சொல்லணும்னு தோணிச்சு, அதான்.”

அதற்குப் பிறகு அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. இரவு வீட்டுத் தாழ்வாரத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். நீ செய்தது சரிதானே என்றார் கணவர். சரிதான், ஆனால் அந்தக் குழந்தைகளும் வீட்டுக்குத் திரும்பித்தானே போகிறார்கள் என்றாள். மறுநாள், தன் வேலையில் சேராத ஒன்றைச் செய்தாள். பெட்டிக்காரரின் பட்டறைக்குப் போய், ஒரே ஒரு நாள் என்னோடு வாருங்கள் என்று கேட்டாள். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கிளம்பினார்.

அவள் உட்கார்ந்த அதே இடத்தில் அவர் உட்கார்ந்தார். மதியம் வரை அழுகிற குழந்தைகளையும் நர்ஸின் முழங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் நர்ஸிடம்தான் கேட்டார்.

“மூடி எப்படி இருந்தா உங்களுக்குத் தோதா இருக்கும்மா?”

“விட்டா தானா வந்து சாத்திக்கணும் சார். சாத்தலன்னா கத்தணும்.”

வெளியே வந்ததும் அவர், எட்டு வருடமும் குளிரைப் பற்றியே யோசித்தேன், மூடியைப் பற்றி ஒருநாள்கூட யோசிக்கவில்லை என்று அவளிடம் சொன்னார்.

நாலு மாதத்தில் சுருள்வில் வைத்த மூடி வந்தது. மூடாவிட்டாலோ உள்ளே ஏழு டிகிரியைத் தொட்டாலோ விடாமல் கத்தும் ஒரு மணியும் வந்தது. மூன்று மருத்துவமனைகளில் வைத்துப் பார்த்து, எட்டு என்று எழுதினாள். கையெழுத்திட்ட தாளை மேலாளரிடமிருந்து திரும்ப வாங்கி இன்னொரு முறை படித்துவிட்டே கொடுத்தாள். முதல் பெட்டிகளில் ஒன்று அந்த நர்ஸின் அறைக்குப் போனது.

முதல் வருடத்தில் இருநூறு பெட்டிகள் போயின. பதினொன்று திரும்பி வந்தன. எல்லாம் கடற்கரை ஊர்களிலிருந்து. உப்புக் காற்றில் சுருள்வில் துருவேறி மூடி பாதியில் நின்றிருக்கிறது. மணி கத்தியதால் எங்கும் மருந்து கெடவில்லை; சுருள்வில்லை மாற்றினால் போதும் என்றார்கள். ஆனாலும் உப்புக் காற்று அவள் சோதனைப் பட்டியலில் இருந்திருக்கவில்லை. அன்றே அதைப் பட்டியலில் எழுதிச் சேர்த்தாள். மறுநாள் காலை, கடற்கரைப் பக்கம் போகும் முதல் பேருந்தில் மடியில் ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். வண்டி எப்போது கிளம்பும் என்று நடத்துநரிடம் இரண்டு முறை கேட்டாயிற்று.