அலுமினியக் கோது

2009, லண்டன், செவன் கிங்ஸ். வெளியே மழை. சலூன்காரர் சவரி அண்ணை எனக்கு முடி வெட்டுகிறார். கண்ணாடியோரம் ஒரு படத்தில், கைத்துப்பாக்கியால் இலக்கைக் குறிபார்த்தபடி இளவயது அண்ணை நிற்கிறார். சுவிஸில் இருந்தபோது துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்திருந்தாராம்.

"போட்டியில ஜெயிச்சீங்களா, அண்ணே?"

கத்தரிக்கோல் நிற்கிறது.

"இல்லைத் தம்பி. பழகிறதுக்கு அலுமினியக் கோது, அதான் மருந்து அடைக்கிற கூடு, போட்ட மலிவுத் தோட்டாதான் வாங்குவன். போட்டியண்டு கூட்டாளி, அலுமினியம் இறுகும் எண்டு சொல்லி, பித்தளைக் கோதுத் தோட்டா தந்தவன். எனக்கு இதே காணும் எண்டு திருப்பிக் குடுத்திட்டன். ரெண்டாவது வெடியோட கோது உள்ளுக்க இறுகிட்டுது. தோத்துப்போனன்."

"இங்க மறுபடி சுட்டுப் பார்க்கலாமே?"

"இந்த நாட்டில கைத்துப்பாக்கிக்குத் தடை. அது பரவாயில்லை. வெக்கத்தில அவனோட கதைக்கிறதையே விட்டிட்டன். நீ சொன்னதுதான் சரியெண்டு ஒருக்கா போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். போன மாசம் அவன் செத்துப்போயிட்டான்."

துண்டை உதறிவிட்டு, அடுத்தவரை உட்காரச் சொல்கிறார்.