நான்காம் அறைக்கு வந்த விண்ணப்பம்

முள்ளம்பன்றி என்று அவளுக்குப் பட்டம் வைத்தவர் ஒரு டிராவல்ஸ்காரர். பன்னிரண்டு பேருக்கு அறை கேட்டு வந்தவரை, அந்தப் பன்னிரண்டு பேரும் யார் யார், பாட்டுப் பெட்டி கொண்டுவருவார்களா, குடிப்பார்களா என்று ஒரு மணி நேரம் நிற்கவைத்துக் குடைந்தெடுத்துவிட்டு, "காலி இல்லை" என்று அனுப்பினாள். படியிறங்கும்போது அவர், "மனுஷியா அது? முள்ளம்பன்றி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் போனார். பட்டம் அலுவலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. காதில் விழுந்தபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "முள்ளு இருந்தா கிட்ட வரமாட்டாங்க. நல்லதுதானே" என்று பக்கத்து மேஜை டைப்பிஸ்டிடம் சொன்னதோடு சரி.

வனவிலங்குக் காப்பகத்தின் முன்பதிவுப் பிரிவு மாடியில் இருந்தது. ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் அரைவட்ட ஓட்டை, அதற்குப் பின்னால் அவள். காப்பகத்துக்குப் போகிறவர்கள் தங்கப் பல இடங்கள் இருந்தன. மலைப்பாதை நெடுக நீச்சல்குளம் வைத்தது, மரத்தின்மேல் வீடு கட்டியது, கண்ணாடிக் கூரை போட்டது என்று தனியார் விடுதிகள். ஆனால் அவையெல்லாம் காட்டின் கேட்டுக்கு வெளியே. மழைக்காட்டுக்குள்ளேயே படுத்து எழுந்திருக்க வேண்டுமென்றால் வனத்துறையின் ஓய்வு விடுதி ஒன்றுதான். நான்கே அறைகள். மின்சாரம் கிடையாது. அந்த நான்கு அறைகளின் சாவியும் ஒருவகையில் அவள் வாயில் இருந்தது.

வருகிறவர்களிடம் அவள் எரிந்து விழுந்தாள். விண்ணப்பத்தைக் கோர்ட்டில் வாசிப்பதுபோல் உரக்க வாசிப்பாள். யாராவது சிரித்துப் பேசி நைச்சியம் பண்ணினால் இன்னும் மோசம். "காட்டைப் பாக்க வர்றீங்களா, கூத்தடிக்க வர்றீங்களா? அதை முதல்ல முடிவு பண்ணிட்டு வாங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிக் காகிதத்தைத் திருப்பித் தள்ளுவாள்.

அவள் எப்போதும் இப்படி இருந்தவள் அல்ல. அதே காட்டுக்குள் பதினொரு வருடம் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவள். தகரக் கூரை போட்ட முகாமில், மழை இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்திக் காவல் சாவடிகளோடு பேசுவது அவள் வேலை. ஓய்வு விடுதியில் சமையல்காரர் இடம் காலியானபோது, ரேஞ்சரிடம் நடையாய் நடந்து அதைத் தன் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தாள். வேலை வெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த தம்பி, அங்கே போன பிறகுதான் ஒரு இடத்தில் நிலையாக நின்றான்.

அவன் சேர்ந்த நான்காவது வருடம் விடுதிக்கு நான்கு இளைஞர்கள் வந்தார்கள். யானையைக் கிட்டத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமென்று பின்பக்கத் தாழ்வாரத்தில் வாழைப்பழத் தார்களைத் தொங்கவிட்டார்கள். தம்பி தடுத்துப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். "உன் வேலையைப் பாருய்யா" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் யானை வந்தது, தின்றது, போனது. மூன்றாம் நாள் காலை அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமும் யானை வந்தது. பழம் இல்லை. சமையலறைப் பக்கமிருந்து வாசனை வந்தது. கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தபோது தம்பி உள்ளே இருந்தான்.

செய்தியைத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டியவள் அவள்தான். வயர்லெஸில் வேறு ஆள் இல்லை. விடுதியின் பெயர், நேரம், இறந்தவரின் வேலை, எல்லாம் முறைப்படி சொல்லிக் கடைசியில் "ஓவர்" என்றும் சொன்னாள்.

விசாரணை நடந்தது. "நாங்கள் பழம் எதுவும் வைக்கவில்லை" என்று நால்வரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். சமையல்காரர் பழங்களை அஜாக்கிரதையாக வைத்திருந்ததே காரணம் என்று அறிக்கை முடிந்தது. அவள்மேல் இரங்கி நகரத்து அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அறிக்கையின் நகல் ஒன்றை அவள் வீட்டு அலமாரியில் வைத்திருந்தாள். நான்கு பெயர்களும் அவளுக்கு மனப்பாடம்.

பதினேழு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிவாக்கில், அந்த நான்கில் ஒரு பெயர் அரைவட்ட ஓட்டை வழியாக உள்ளே வந்தது.

ஆள் தடித்திருந்தான். மெத்தென்ற குரல், மடிப்புக் கலையாத சட்டை. கூடவே மனைவி. அவள் கையில் ஒரு நோட்டு. எந்த மாதம் மழை குறைவு, எந்த விடுதியிலிருந்து கேட்டுக்கு எவ்வளவு தூரம், அட்டை கடிக்காமலிருக்க என்ன காலுறை என்று பக்கம் பக்கமாகக் குறித்து வைத்திருந்தாள்.

"மேடம், நாங்க வெளியில ஆறு விடுதி பாத்துட்டோம். எதுவும் சரிப்படலை" என்றாள் மனைவி. "கேட்டுல வண்டி வரிசையிலேயே காலை நேரம் போயிடுதாம். பொண்ணுக்கு இருவாச்சிப் பறவை பாக்கணும்னு ஒரே பிடிவாதம். நாலாம் நம்பர் அறை ஜன்னல்லேருந்து அத்திமரம் தெரியுமாமே, அதுல வருமாமே?"

முள்ளம்பன்றி தலை நிமிரவில்லை. விண்ணப்பத்தை வாசித்துக்கொண்டிருந்தாள், இந்தமுறை மனத்துக்குள். ஏழாவது கேள்வி: இதற்கு முன் இவ்விடுதியில் தங்கியதுண்டா? எதிரே, 'இல்லை'.

"இதை நீங்கதானே எழுதினீங்க?" என்று கணவனிடம் கேட்டாள்.

"ஆமா."

"ஏழாவது கேள்வியைப் படிச்சுட்டுத்தான் எழுதினீங்களா?"

"படிக்காம எழுதுவாங்களா? என்னம்மா கேள்வி இது?"

"உக்காருங்க."

அவள் இறங்கிக் கீழே பதிவறைக்குப் போனாள். பழைய தங்குவோர் பதிவேடுகள் அடுக்கியிருந்த இடம் அவளுக்குத் தெரியும். தும்மிக்கொண்டே தேடி எடுத்தாள். மேலே வந்து கவுன்ட்டருக்குப் போகாமல் நேரே அதிகாரியின் அறைக்குள் நுழைந்து இருவரையும் கூப்பிட்டாள். அதிகாரி வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது.

"சார், இந்த விண்ணப்பத்துல தப்பான தகவல் இருக்கு. விதிப்படி நிராகரிக்கணும்" என்று பதிவேட்டைத் திறந்து மேஜைமேல் போட்டாள். தூசி பறந்தது. பெயரும் கையெழுத்தும் விண்ணப்பத்தில் இருந்தபடியே அங்கேயும் இருந்தன.

அவன் குனிந்து பார்த்தான். "எப்பவோ சின்ன வயசுல வந்தது. மறந்துபோச்சு. இதுக்குப் போயா?"

"மறந்துபோச்சா?" அவள் குரல் உயர்ந்தது. "பழத்தாரைக் கட்டித் தொங்கவிட்டது மறந்துபோச்சா? வேண்டாம் சார்னு ஒருத்தன் கெஞ்சினானே, அவன் மூஞ்சி மறந்துபோச்சா? அப்புறம் நாங்க வைக்கவே இல்லைன்னு எழுதிக் கொடுத்தியே, அதுவும் மறந்துபோச்சா?"

"மரியாதையா பேசச் சொல்லுங்க சார்!" என்று அவன் அதிகாரியிடம் பாய்ந்தான். "நான் கம்ப்ளெய்ன்ட் பண்ணுவேன். அது விசாரணையெல்லாம் முடிஞ்ச விஷயம். எங்க பேர்ல ஒண்ணும் இல்லைன்னு அப்பவே சொல்லிட்டாங்க."

"என்ன விசாரணை?" என்று கேட்டாள் அவன் மனைவி.

முள்ளம்பன்றிதான் சொன்னாள். நாலே வாக்கியம். கடைசி வாக்கியம், "அவன் என் தம்பி."

அதிகாரி விண்ணப்பத்தின் கீழே அச்சடித்திருந்த விதியைக் காட்டி, "தப்பான தகவல் தந்தா கொடுக்க முடியாதுங்க. இதுல நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை" என்றார். ஏழாவது கேள்விக்கு 'ஆம்' என்று எழுதியிருந்தால் அறையைக் கொடுத்தே தீர வேண்டியிருந்திருக்கும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது. கதவைப் படாரென்று சாத்திவிட்டு இறங்கிப் போனான்.

மனைவி போகவில்லை. கவுன்ட்டருக்கு முன்னால் நோட்டைப் பிடித்தபடி நின்றாள். "எனக்கு இது தெரியாதுங்க. சத்தியமா தெரியாது."

"தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" முள்ளம்பன்றி வெடுக்கென்று கேட்டாள்.

அந்தப் பெண் நோட்டை மூடினாள். "வெளியில எந்த விடுதி பரவாயில்லைன்னாவது சொல்லுங்க" என்றாள்.

"ஒண்ணும் பரவாயில்லை. எல்லாத்துலயும் தீ மூட்டி ஆடறாங்க." சொல்லிவிட்டு அவள் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். ஏன் திறந்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஒரு புதிய விண்ணப்பத் தாளை ஓட்டை வழியாகத் தள்ளினாள். "உங்க பேர்ல எழுதுங்க. பொண்ணு பேரும் எழுதலாம். அந்த ஆள் பேர் இருந்துச்சுன்னா கிழிச்சுப் போட்டுடுவேன்."

பெண் அதை வாங்கிக்கொண்டாள். அங்கே நிரப்பவில்லை. நன்றியும் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் இரண்டு தபால்கள் வந்தன. ஒன்று அவன் எழுதிய புகார்: பொதுமக்களை ஒருமையில் பேசினாள், பழைய பகையை வைத்துப் பழிவாங்கினாள். மற்றது விண்ணப்பம்: தாயும் மகளும், இரண்டே பெயர்கள். நான்காம் அறை. அவள் அதை மூன்று தடவை படித்துவிட்டு முத்திரை குத்தினாள்.

"எப்படிக்கா மனசு வந்துச்சு?" என்று டைப்பிஸ்ட் கேட்டாள்.

"அதுங்களா பழம் கட்டிச்சு?" என்றாள். ஆனால் அவன்மேல் இருந்த வெறுப்பு ஒரு துளியும் குறையவில்லை. நான்காம் அறை ஜன்னலில் அந்தக் குழந்தை நின்ற இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் வீட்டுக்கு ஒரு சந்தோஷம் தன் கையால் போயிற்றே என்று பற்றிக்கொண்டு வந்தது. கொடுத்தது தப்பென்றும் தோன்றவில்லை. இரண்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வேலைக்கு வந்து போனாள்.

புகாருக்கு மெமோ வந்தது. 'ஒருமையில் பேசியது உண்மை' என்று ஒரே வரியில் விளக்கம் எழுதிக் கொடுத்தாள். அவளைக் கீழ்த்தளத்துத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். கவுன்ட்டருக்கு வேறொரு கிளார்க் வந்தார். நடுவயது, தங்கமான மனிதர், யாரையும் நோகடிக்க மாட்டார். டிராவல்ஸ்காரர்கள் கொண்டாடினார்கள்.

அவர் வந்த முதல் வெள்ளிக்கிழமை, கடிதக்கட்டு கொடுக்கும் சாக்கில் அவள் மாடியேறினாள். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று சிரித்துப் பேசியபடி அறை கேட்டுக்கொண்டிருந்தது. அவர் எதுவும் கேட்காமல் முத்திரையை எடுத்தார்.

"என்னென்ன கொண்டுபோறாங்கன்னு கேட்டீங்களா?" என்றாள்.

"எல்லாம் படிச்சவங்களாத்தான் தெரியறாங்க மேடம்" என்று அவர் சிரித்தார்.

"கேளுங்க."

அவர் கேட்டார். குடும்பம் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரை, கடிதக்கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள்.